தம்பி, முந்நூறு

லாரி என் பேரில்தான்.
ஆர்.சி. புத்தகத்தில் அ. கோமளவல்லி, கழிஞ்சூர்.
ஓட்டுவது அவர். கணக்கு எழுதுவது நான்,
மகளின் பழைய நோட்டில்,
தசம பின்னம் முடிந்த பக்கத்திலிருந்து.

டீசல் 9,400.
பள்ளிகொண்டா டோல்.
வாணியம்பாடியில் பஞ்சர், ரெண்டு.
செக்போஸ்ட்டில் கொடுத்தது, அதற்குப் பெயர் எழுதுவதில்லை.
தம்பி 300.

தம்பி 300. தம்பி 300.
தம்பி, பொங்கலுக்கு, 1,000.
மூன்று வருஷம் நோட்டு முழுக்க
அவன் அப்படித்தான் இருந்தான்,
பெயர் இல்லாமல், தேதியோடு.

பாலிசி போடும்போது ஏஜென்ட் கேட்டார்,
டிரைவருக்கு ஐம்பது,
கிளீனருக்கும் சேர்த்துடலாமா, இன்னொரு ஐம்பது?
சேருங்க என்றேன்.
நல்ல மனசு என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள்.
கையில் சில்லறை இல்லை,
நூறாக நீட்டினேன். அவ்வளவுதான்.

பேரணாம்பட்டு தாண்டி மலை ஏற்றம்,
மேலே நானூறு மூட்டை சிமெண்ட்.
வண்டி திணறி நின்றது.
கட்டை போடுடா என்று அவர் கத்தியிருக்கிறார்.
போட்டான்.
டயர் பின்னால் உருண்டபோது
கட்டையோடு கையும் இருந்தது.

அடுக்கம்பாறை ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்தார்கள்.
சட்டத்தில் எல்லாவற்றுக்கும் அட்டவணை இருக்கிறது:
இரண்டு விரல், இருபது சதவீதம்.
இருபத்து நாலு வயதுக்கு
இருநூற்றுப் பதினெட்டு, புள்ளி, நாலு, ஏழு.
புள்ளிக்கு அப்புறம் வருவது
அவன் உடம்பில் எந்த இடம் என்று
கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

சத்துவாச்சாரி, லேபர் ஆபீஸ், மூன்றாவது வாய்தா.
கம்பெனி வக்கீல் மரியாதையாகத்தான் பேசினார்.

உங்களை எப்படிக் கூப்பிடுவார்?
அக்கான்னு.
சாப்பாடு?
எங்க வூட்லதான்.
படுக்கை?
வண்டியில. மழைன்னா வராண்டாவுல.
நோட்டில் தம்பி என்று இருக்கிறது.
தம்பிக்கு யாராவது சம்பளம் தருவார்களா, அம்மா?
வீட்டுப் பையன், கைச்செலவுக்கு வாங்கியிருக்கிறான்,
அப்படித்தானே?

பெஞ்சில் வில்வநாதன்,
மடியில் ஒரு பொட்டலம்போல அந்தக் கை.
என்னைப் பார்க்கவில்லை.
டேபிள் ஃபேன் அவன் பக்கம் திரும்புகிறதா
என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் எனக்கு ஒண்ணும் கிடையாதுங்க, என்றேன்.
சொந்தம் இல்ல. எங்க ஜனமும் இல்ல.
கூலிக்கு வந்தவன்.
போன்னா போவான், நில்லுன்னா நிப்பான்.

டைப் அடித்த பெண், மெதுவா சொல்லுங்க என்றாள்.
திரும்பவும் சொன்னேன்,
ஒண்ணும், கிடையாது,
அவள் விரல்கள் வந்து சேரும்வரை
ஒவ்வொரு சொல்லாக.

நோட்டை வாங்கி நம்பர் போட்டு
முத்திரை குத்தினார்கள்.
அதில் எங்கோ நடுப்பக்கத்தில் என் கையெழுத்தில் இருக்கிறது:
ஹேண்ட் பிரேக், அடுத்த மாசம் பாக்கணும்.
அந்தப் பக்கத்தை இன்னும் யாரும் புரட்டவில்லை.

வெளியே தார் உருகும் வெயில்.
டீக்கடையில் இடது கையால் கிளாஸை வாங்கி என்னிடம் நீட்டினான்.
ஓனரம்மா, டீ.

இன்னாடா புதுசா?

வக்கீலு பாத்துகினு கீறாரு, என்றான்.
கேட்டு தாண்டற வரைக்கும் இப்பிடித்தான்.

கேட்டு தாண்டினோம்.
அவர் வண்டியை எடுத்தார்.
நான் நடுவில், அவன் ஜன்னலோரம்.
கிரீன் சர்க்கிள் நெரிசலில் அரை மணி நேரம்.
அக்கா என்று எப்போது சொல்வான் என்று
காத்திருந்தது எனக்கு மட்டும் தெரியும்.
காட்பாடி பாலத்தில் தூங்கிவிட்டான்.

உத்தரவு ஆடி கழித்து வருமாம்.
அதுவரை நோட்டு அவர்களிடம்.
நான் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதுகிறேன்.
நேற்றையது:

ஹேண்ட் பிரேக், புதுசு, 4,200.
வில்வநாதன், த/பெ ஏகாம்பரம், திருவலம், 300.
வேலை: வண்டிக்குக் காவல்.
கட்டை போட்டது, நான்.